ஈரமிருந்தும் வெங்காயம் ஏன் துவள்கிறது?

நிலாவெளியில் கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீற்றர் உள்ளே தோட்டம் செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “காலையில் இறைத்த ஈரம் மண்ணில் இருக்கும்போதே பதினொரு மணிக்கெல்லாம் வெங்காயத் தாள் துவண்டு சாய்கிறது. அதே கிணற்றுத் தண்ணீர் பாயும் அடுத்த பாத்தியில் கச்சான் கடலை நிமிர்ந்து நிற்கிறது. இது ஏன்? மண்ணுக்கு நல்ல கிருமி சேர்த்தால் சரியாகிவிடும் என்று கடையில் ஒரு போத்தலைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?”

போத்தலுக்குப் பிறகு வருகிறேன். தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நாளை விடியற்காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், அதே பாத்தியில் போய் நின்று பாருங்கள். இரவோடு இரவாகத் தாள் நிமிர்ந்திருந்தால், செடி பகல் நேரத்துச் செலவை ஈடுகட்ட முடியாமல் தளர்ந்து, இரவில் மீண்டுவிடுகிறது என்று அர்த்தம். விடிந்த பிறகும் துவண்டே கிடந்தால், வேரில் பழுது இருக்கிறது, அல்லது மண்ணில் இருக்கும் தண்ணீரை வேரால் எடுக்க முடியவில்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி விடை கிடைத்துவிடும். இதைப் பார்க்காமல் இலைக்கு மருந்தடிப்பவர்களை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன், மனம் பொறுக்கவில்லை.

பகலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத சிறு வாய்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் இலைவாய் என்று படித்திருப்பீர்கள். உணவு சமைக்கக் காபனீரொட்சைட்டு வேண்டும், அதற்கு வாயைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் போகும். செடி உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இப்படித்தான் காற்றோடு போகிறது. அதிலும் ஆனி, ஆடியில் வீசுகிற கச்சான் காற்று இருக்கிறதே, அது மேற்கு மலைச்சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் அனலாக நம் பக்கம் இறங்கி வரும் காற்று. ஈரத்தை எங்கே கண்டாலும் துடைத்துக்கொண்டு போகும். (காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு பிழைக்கிறோம். இந்தப் பதிலில் இரண்டும் வருவதால் கவனித்துக்கொள்ளுங்கள்.)

செடி எழுந்து நிழலுக்குப் போக முடியாது. ஆகவே அது தன் உடம்பை மாற்றிக்கொள்கிறது. மண் காயத் தொடங்கியதும் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் அதற்குள் கூடுகிறது. 1960களில் கண்டறியப்பட்ட பொருள் இது. இலைவாயின் இரு பக்கமும் உதடுபோல் இருக்கும் காவற்கலங்களில் இது பட்டதும், அவற்றிலிருந்து பொற்றாசியம் வெளியேறுகிறது, பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது, கலங்கள் தளர்ந்து வாய் மூடிக்கொள்கிறது. எல்லாம் சில நிமிட வேலை. தண்ணீர் மிஞ்சுகிறது. ஆனால் வாய் மூடிய இலைக்குச் சாப்பாடும் இல்லை, ஆவியாதலால் கிடைக்கும் குளிர்ச்சியும் இல்லை. இலை சூடாகிறது. ஒவ்வொரு மத்தியானமும் இப்படிப் பட்டினி கிடந்த வெங்காயம் கடைசியில் சிறு குமிழாகத்தான் வரும். சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டு வெயில் படும் பரப்பைக் குறைக்கிறது, நெல்லும் அப்படித்தான். இன்னும் சில நாள் மண் காய்வது தொடர்ந்தால் செடி இலை வளர்ச்சியைக் குறைத்துவிட்டு வேரைக் கீழே இறக்கும். புரோலின் போன்ற பொருள்களைக் கலங்களில் சேர்த்து வைத்து, உள்ளே இருக்கும் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் தம்பி, உங்கள் தோட்டத்தில் நடப்பது வெறும் வறட்சி என்று எனக்குத் தோன்றவில்லை. ஈரம் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஒரே தண்ணீர், ஒரே மணல், ஒரு பயிர் துவள்கிறது, மற்றது நிற்கிறது. எனக்கு உப்பின் மேல்தான் சந்தேகம்.

கடற்கரை மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டாரைப் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். துலாவில் இறைத்த காலத்தில் கிணற்றுக்கு மூச்சுவிட நேரம் இருந்தது. இப்போது ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் இழுக்கிறோம். நாக்கில் சவர் தெரிவதற்கு முன்பே வெங்காயத்துக்குத் தெரிந்துவிடும்.

மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனை வைத்து அளப்பார்கள். மீற்றருக்கு டெசிசீமன்ஸ் என்பது அலகு. வெங்காயத்துக்கு இது 1.2ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு 1.5. நெல்லுக்கு 3.0. கச்சானுக்கு 3.2. கௌபிக்கு 4.9. உங்கள் மண் 2இல் நின்றால், வெங்காயம் திணறும்போது கச்சானுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான விடை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு கை மண்ணையும் கொடுத்து அளந்து பாருங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எங்கே கொடுப்பது என்று வழி சொல்வார்.

உப்பு இரண்டு அடியாக அடிக்கிறது. முதல் அடி நீர் வழியாக வருவது. மண்ணீரில் உப்புக் கூடினால் வேர் அந்த நீரை இழுக்கக் கூடுதல் பலம் வேண்டும். கண்ணெதிரே தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாத நிலை. இரண்டாவது அடி மெதுவாக வரும். சோடியம் செடிக்குள் புகுந்து, பொற்றாசியம் இருக்க வேண்டிய இடங்களில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் உருவத்தில் நெருங்கிய அயன்கள், ஆனால் கலத்துக்குள் பொற்றாசியம் செய்யும் வேலையைச் சோடியம் செய்யாது. அப்போதுதான் பழைய இலையின் நுனி கருகுகிறது. முதல் அடியில் துவளல், இரண்டாவது அடியில் நுனிக் கருகல். உங்கள் வெங்காயத் தாளின் நுனியைப் பாருங்கள்.

சோடியத்தோடு பிழைக்கக் கற்ற செடிகளும் நம்மைச் சுற்றியே நிற்கின்றன. கிண்ணியாப் பக்கம் கண்டல் காட்டுக்குப் போனால் வெண்கண்டலின் இலையை விரலால் தடவிவிட்டு நாக்கில் வையுங்கள், உப்புக் கரிக்கும். உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக அது வெளியே தள்ளிவிடுகிறது. வேறு சில கண்டல் இனங்கள் உப்பின் பெரும் பங்கை வேரிலேயே மறித்துவிடுகின்றன. இன்னும் சில செடிகள் கலத்தின் நடுவிலுள்ள புன்வெற்றிடத்தில் சோடியத்தைப் பூட்டி வைக்கின்றன. நெல்லில் அந்தப் பலம் கேரளத்துப் பொக்காளிக்கு உண்டு. நம் நாட்டு ஏ.ரி. 354 பொக்காளியோடு கலந்து பிறந்த இனம்தான். வெங்காயத்துக்கு இந்த ஆயுதம் எதுவும் பெரிதாக இல்லை.

ஒரு ஆறுதலையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உள்ளே வந்தபோது, இந்தக் கரையில் இனித் தோட்டமே இல்லை என்று பலர் கைவிட்டார்கள். ஆனால் மணல் உப்பைப் பிடித்து வைக்கும் மண் இல்லை. மாரி மழை வந்து கழுவிக்கொண்டு போனது. கிணறுகளில்தான் சவர் அதிக நாள் நின்றது. சுத்தப்படுத்துவதாக எண்ணி மீண்டும் மீண்டும் இறைத்துக் கொட்டிய கிணறுகளில் உப்பு இன்னும் மேலே ஏறியது. அந்தப் பாடத்தை மோட்டார் வந்ததும் மறந்துவிட்டோம்.

இனி மண்வெட்டியை எடுங்கள். வெங்காயம் ஒன்றையும் கச்சான் ஒன்றையும் இழுத்துப் பிடுங்காமல், சுற்றிவரத் தோண்டி மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாக அலசுங்கள். வெங்காய வேரைப் பார்த்தால் வெள்ளை நூல் ஒரு கற்றை கட்டித் தொங்கியதுபோல் இருக்கும். கிளை மிகக் குறைவு. வேர்மயிர் தேடினாலும் அதிகம் அகப்படாது. ஆழமும் போகாது. பக்கத்தில் கச்சானின் ஆணிவேர் கிளைவிட்டுப் பரந்து கிடக்கும். இந்த இரண்டையும் ஒரு வெள்ளைத் துணியில் பக்கத்துக்குப் பக்கமாக வைத்துப் பார்த்த பிறகு, வெங்காயத்தின் மேல் உங்களுக்கே இரக்கம் வரும்.

இவ்வளவு ஏழை வேரை வைத்துக்கொண்டு வெங்காயம் இத்தனை ஆயிரம் வருடம் எப்படிப் பிழைத்தது? கூட்டாளி வைத்துப் பிழைத்தது. அந்தக் கூட்டாளி ஒரு பங்கசு.

பொசுபரசு மண்ணில் நகராத சரக்கு. வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தூரத்தில் இருப்பதை வேர் உறிஞ்சி முடித்துவிட்டால், அதற்கப்பால் இருப்பது தானாக வந்து சேராது. வேர்ப்பங்கசுவின் இழை தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத மணல் இடுக்கில் புகுந்து, வேரிலிருந்து பல சென்ரிமீற்றர் தள்ளிப் போய்ப் பொசுபரசைக் கொண்டுவந்து வேரின் கலத்துக்குள்ளேயே இறக்குகிறது. உள்ளே அது மரக்கிளைபோல் விரிந்திருக்கும், அங்கேதான் கொடுக்கல் வாங்கல். செடி தான் சமைத்த சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கிறது. 4 முதல் 20 சதவீதம்வரை என்று அளந்திருக்கிறார்கள். சிறு கூலியா இது? விளைச்சலில் ஐந்தில் ஒன்றைக் குத்தகையாக அளப்பதற்குச் சமம். தரைத் தாவரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை இந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஸ்கொட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த, 40 கோடி வருடப் பழைமையான கல்லாகிப்போன செடிகளிலும் இந்தப் பங்கசு இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு உண்மையான வேரே இருக்கவில்லை. வேர் உருவாகுமுன்பே கூட்டு உருவாகிவிட்டது.

இந்த இழைகள்தான் பொசுபரசைச் சுமக்கின்றன என்பதை 1971இல் சாண்டர்ஸ், டிங்கர் என்ற இரு ஆய்வாளர் காட்டியது எந்தப் பயிரை வைத்துத் தெரியுமா? வெங்காயத்தை வைத்துத்தான். பங்கசு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்ற வித்தியாசம் அதில் அவ்வளவு பளிச்சென்று தெரியும்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது கூட்டாளியை அழைக்கும் முறை. பொசுபரசுக்குப் பஞ்சம் வந்தால் வேர் ஸ்ட்ரைகோலக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அது பட்டதும் பக்கத்தில் கிடக்கும் பங்கசு சுறுசுறுப்பாகி வேரை நோக்கிக் கிளைவிடுகிறது. 2005இல்தான் இது தெரியவந்தது. அதற்கு ஏறத்தாழ நாற்பது வருடம் முன்பே இந்தப் பொருள் அகப்பட்டுவிட்டது, ஆனால் வேறு குற்றத்துக்காக. ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையின் விதையை முளைக்க வைப்பது என்றுதான் அப்போது எழுதி வைத்தார்கள். செடி ஏன் தன் எதிரியை அழைக்க வேண்டும் என்ற கேள்வி அவ்வளவு காலம் விடையில்லாமல் கிடந்தது. நண்பனுக்குப் போட்ட சத்தத்தைக் கள்ளனும் கேட்டுவிட்டான், அவ்வளவுதான்.

இப்போது நம் பழக்கத்துக்கு வருவோம். நடுகைக்கு முன்பு ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையை அள்ளிக் கொட்டுகிறோம். பொசுபரசு தாராளமாகக் கிடைத்ததும் செடி அழைப்பை நிறுத்திக்கொள்கிறது, வேருக்குள் பங்கசு குறைகிறது. அந்த நேரத்துக்குப் பொசுபரசு கிடைத்துவிட்டதே, என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டம் உப்பு வரும்போதுதான் தெரியும். பங்கசு சேர்ந்த செடி உப்பு மண்ணில் நீரைக் கூடுதலாக எடுக்கிறது, சோடியத்துக்கு எதிராகப் பொற்றாசியத்தைக் கூடுதலாகக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பல பயிர்களில் கண்டிருக்கிறார்கள். அதோடு அந்த இழைகள் தளர்ந்த மணலை நூலால் கட்டியதுபோல் கட்டி வைக்கின்றன. மணல் தோட்டக்காரருக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, கோவா, முள்ளங்கி, கடுகு இனங்கள் இந்தப் பங்கசுவோடு சேர்வதில்லை. அவற்றை அறுத்த பாத்தியில் உடனே வெங்காயம் நட்டால், கூட்டாளி இல்லாத மண்ணில் வெங்காயத்தை இறக்குகிறீர்கள். மாரியில் கச்சானோ பயறோ கௌபியோ போட்டு, கோடையில் வெங்காயம் நடும் பழைய ஒழுங்கு எவ்வளவு பொருத்தமானது என்று இப்போது தெரிகிறதா?

கச்சானின் வேருக்கு வருவோம். பல வருடங்களுக்கு முன்பு கும்புறுப்பிட்டியில் ஒரு பெரியவர், கச்சானில் புழு முடிச்சு விழுந்துவிட்டது என்று மனம் உடைந்து, அரைப் பாத்தியைப் பிடுங்கி வரம்பில் போட்டிருந்தார். நான் குந்தியிருந்து ஒரு வேரை எடுத்துப் பார்த்தேன். எள்ளளவில் உருண்டை உருண்டையாக, வேரின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் இருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பு, பச்சை இறைச்சியின் நிறம். பெரியவரின் உள்ளங்கையில் வைத்தேன். “ஐயா, இது நோய் இல்லை, பசளைத் தொழிற்சாலை” என்றேன். அவர் நெடுநேரம் பேசாமல் பிடுங்கிப் போட்ட செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை, அதனால்தான் இதைப் போகுமிடமெல்லாம் சொல்கிறேன்.

அந்தச் சிவப்பு நம் இரத்தத்தின் சிவப்புக்கு உறவு. சிறுகணு எனப்படும் அந்த உருண்டைக்குள் குடியிருக்கும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். பற்றீரியா மூச்சுவிடவும் ஒட்சிசன் வேண்டும். ஆகவே செடி ஈமோகுளோபின் போன்ற ஒரு சிவப்புப் புரதத்தை உண்டாக்கி, ஒட்சிசனை அளந்து அளந்து கொடுக்கிறது. அவரை இனச் செடிகள் காற்றின் நைதரசனை எடுக்கின்றன என்பதை ஜெர்மனியில் ஹெல்றீகல் 1886இல் அறிவித்தார். இரண்டு வருடத்தில் பெயரிங்க் அந்தப் பற்றீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். கச்சானுக்கும் கௌபிக்கும் பயறுக்கும் ஏற்ற இனங்கள் நம்மைப் போன்ற வெப்ப நாட்டு மண்ணில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன.

கிள்ளிப் பார்க்கும்போது உள்ளே சாம்பலாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்தச் சிறுகணு வேலை செய்யவில்லை. யூரியாவைக் கூடுதலாகப் போட்டாலும் இந்தக் கணுக்கள் குறையும். சமைத்த சோறே கையில் கிடைத்தால் வீட்டில் ஆள் வைத்துச் சமைப்பானேன்? செடியின் கணக்கும் அதுதான். அது எவ்வளவு கறாரான கணக்கு என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். சோயாவின் சில கணுக்களில் பற்றீரியா நைதரசன் கொடுக்க முடியாதபடி செய்து 2003இல் பார்த்தார்கள். வேலை செய்யாத கணுக்களுக்குச் செடி ஒட்சிசனைக் குறைத்துவிட்டது. உள்ளே பற்றீரியாவின் பெருக்கம் பாதியாக விழுந்தது. உழைப்புக்குத்தான் கூலி.

பெரியவரின் பயத்திலும் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மணல் மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் வேரில் வட்டப்புழு முடிச்சு உண்டாக்கும், அது உண்மையான நோய். வேறுபாடு எளிது. நல்ல சிறுகணு வேரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், விரலால் உருட்டினால் கழன்று வரும். வட்டப்புழு முடிச்சில் வேரே வீங்கி முறுக்கேறியிருக்கும், கழற்ற முடியாது. அந்தச் செடியும் பகலில் துவளும், தண்ணீர் ஊற்றியும் பயன் இராது. இதற்காகவும்தான் தோண்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

பங்கசுவும் சிறுகணுவும் வீட்டுக்குள் குடிவைத்த கூட்டாளிகள். முற்றத்தில் இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. வேரைச் சுற்றிச் சில மில்லிமீற்றர் மண்ணில், அப்பாலுள்ள மண்ணைவிடப் பற்றீரியாக்கள் பலமடங்கு நெருக்கமாக வாழ்கின்றன. 1904இல் ஹில்ட்னர் அந்த வட்டத்துக்குத் தனிப் பெயரே வைத்தார், நாம் வேர்மண்டலம் என்போம். நெருக்கடி வந்தால் செடி எதிலீன் என்ற வாயுவைத் தனக்குள் கூட்டுகிறது. அது கூடினால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். வேர்மண்டலத்துப் பற்றீரியாக்களில் சில, எதிலீன் உண்டாவதற்கான மூலப்பொருளையே தின்றுவிடுகின்றன. அவற்றுக்கு உணவு, செடிக்கு வேர் தொடர்ந்து வளர்கிறது. 2008இல் ஒரு சோதனையில், கடுகு இனச் சிறுசெடி ஒன்றின் இலையில் நோய்க்கிருமியை ஏற்றினார்கள். வேர் மலிக் அமிலத்தைக் கூடுதலாகக் கசியவிட்டது. அந்த அமிலத்தை நாடிப் பசிலசு என்ற நல்ல பற்றீரியா வந்து வேரில் படர்ந்தது. அடி பட்டது இலையில், ஆள் சேர்த்தது வேர்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மரங்கள் மண்ணுக்குள் இழை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் பிள்ளை மரத்துக்குச் சோறூட்டுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக நான் தயாராக இல்லை. கனடாவில் 1997இல் ஒரு மரக்கன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காபன் போனதைக் காட்டினார்கள், அது நல்ல ஆய்வு. ஆனால் காட்டில் அது இழை வழியாகத்தான் போகிறது, அதனால் சிறு கன்றுகள் பிழைக்கின்றன என்பதற்கு இருக்கும் ஆதாரம், பேசப்படும் அளவுக்குப் பலமானதில்லை என்று 2023இல் துறைசார்ந்தவர்களே எடைபோட்டு எழுதினார்கள். இருக்கிற உண்மையே வியப்புக்குப் போதும்.

நெல் வேறு உலகம், சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பலகாமத்து வயலில் தண்ணீர் நிற்கும்போது ஒரு நெற்செடியை மெதுவாகச் சேற்றிலிருந்து எடுத்து அலசிப் பாருங்கள். வேர் துருப்பிடித்த கம்பி நிறத்தில் இருக்கும், நுனி மட்டும் வெள்ளை. அது உண்மையாகவே துருதான். தண்ணீருக்குள் மூழ்கிய மண்ணில் ஒட்சிசன் இல்லை. நெல் தன் உடம்பிலுள்ள காற்றறைகள் வழியாக மேலேயிருந்து ஒட்சிசனைக் குழாயில் இறக்குவதுபோல் வேருக்கு இறக்குகிறது. அதில் கொஞ்சம் வேருக்கு வெளியே கசிந்து, சேற்றில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கிப் படிய வைக்கிறது. வேர் கறுத்து, கூழ்முட்டை நாற்றம் அடித்தால் கவலைப்படுங்கள், ஐதரசன் சல்பைட்டு வேரைக் கொல்கிறது. தண்ணீரை வடியவிட்டு மண்ணுக்குக் காற்றுக் காட்ட வேண்டும். மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் வயல் முழுகிப்போகும் வருடங்களில் பயிர் முழுதாகத் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது பெரும்பாலான இனங்கள் மேலே எட்டிப் பிடிக்க நீண்டு நீண்டு, சேமிப்பைத் தீர்த்துச் சாகின்றன. ஒடிசாவின் ஒரு பழைய நெல் இனம் மட்டும் வளர்ச்சியை நிறுத்தி, இரண்டு கிழமைவரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். அந்தக் குணத்துக்குரிய சப்1ஏ என்ற பரம்பரையலகை 2006இல் அடையாளம் கண்டார்கள். மூழ்கிய வயலில் வேர்ப்பங்கசுவுக்கு இடம் குறைவு. அங்கே நைதரசன் சேர்ப்பதில் நீலப்பச்சைப் பாசிக்கும் பங்கு உண்டு என்று பி. கே. டே 1939இலேயே எழுதிவிட்டார்.

இனிப் போத்தல். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியில் நிறுத்தி, நவம்பரில் அதைத் திருப்பிப் பெற்றார்களே, அந்தப் போகத்தில் வயலில் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மண்ணுயிர்கள் ஒரு வர்த்தமானி அறிவித்தலுக்கு வந்து கூடுவதில்லை. பல போகம் பசளையோடு பழகிய மண்ணில் அவை திரும்பப் பெருகச் சில போகங்கள் வேண்டும், தின்பதற்கு எருவும் சருகும் வேண்டும். ஒரு போத்தலிலும் அதே அவசரத்தைத்தான் விற்கிறார்கள். உள்ளே இருப்பது உயிர். கடையின் தகரக் கூரைக்கடியில் மாதக்கணக்கில் வெந்தால் இறந்துவிடும். உயிரோடு வந்தாலும் உங்கள் மணலில் ஏற்கெனவே குடியிருப்பவற்றோடு போட்டிபோட வேண்டும். அதில் என்ன இனம், எப்போது தயாரித்தது, எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்று எழுதியில்லை என்றால் வாங்காதீர்கள். கிணற்றில் ஏறிய உப்பை எந்தப் போத்தலும் இறக்காது.

முதலில் இறைப்பை மாற்றுங்கள். ஒரேயடியாக இழுக்காமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சமாக இறைத்து, இடையில் கிணறு ஊறவிடுங்கள். வெயிலில் சவர்த் தண்ணீரைத் தாளின் மேல் தெளிக்காதீர்கள், அடியில் பாய்ச்சுங்கள். பாத்திக்கு நன்றாக மக்கிய மாட்டெரு போட்டு, கச்சான் கொடியையும் கிளிசரியா இலையையும் மண் தெரியாமல் பரப்பி மூடுங்கள், கச்சான் காற்று மண்ணை உரசாது. மண்ணை அளந்து பார்த்த பிறகு, ரி.எஸ்.பி.யைத் தேவைக்கு மட்டும் போடுங்கள். உப்பு 2க்கு மேல் நின்றால் அந்தத் துண்டில் இந்தச் சிறுபோகம் வெங்காயத்தை விட்டுவிட்டுக் கௌபி போடுங்கள், மாரி கழுவட்டும்.

அப்படியும் போத்தலை முயன்று பார்க்க ஆசை இருந்தால், எல்லாப் பாத்திக்கும் ஊற்ற வேண்டாம். ஆறு பாத்தியை எடுத்து ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றுக்கு மட்டும் ஊற்றி, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மற்ற எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆறாவது கிழமை இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்துச் செடியைத் தோண்டி வாளியில் அலசி, அந்த வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். அறுவடையில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே நிறுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்த எடையை எனக்கும் எழுதி அனுப்புங்கள், எந்த மண்ணில், எந்தத் தண்ணீரில் என்பதையும் சேர்த்து. இந்தக் கரையில் அப்படி எழுதி வைத்த கணக்குகள் நமக்கு நிறைய வேண்டியிருக்கிறது.